தோட்டத்து நாய்க்குத் தோல் அலர்ஜி: ரத்தப் பரிசோதனை முதலிலா, கடைசியிலா?

ராத்திரி முழுக்கக் காலை நக்கிக்கொண்டிருக்கும் நாய், காதைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட நாய், வயிற்றில் மயிர் கொட்டித் தோல் கறுத்துப்போன நாய். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களிலும், செம்பனைக்கு நடுவே மிச்சமிருக்கும் தோட்ட வீடுகளிலும் இப்படி ஒன்றைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடப்பது கடினம். கிளினிக்குக் கொண்டுபோனால் ஊசி போடுவார்கள். மூன்று நான்கு வாரம் அடங்கும், மறுபடி தொடங்கும். இரண்டு முறை இப்படி ஆனதும் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரத்தம் எடுத்துப் பார்த்தா எதனாலன்னு தெரிஞ்சிடாதா டாக்டர்?"

தெரியாது. ஒரு நாய்க்குத் தோல் அலர்ஜி இருக்கிறதா இல்லையா என்று ரத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பரிசோதனை எதுவும் இன்று மருத்துவர்களின் கையில் இல்லை. நாய்களின் ஒவ்வாமை நோய்களுக்கான அனைத்துலக நிபுணர் குழு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: நோயின் வரலாறு, உடம்பில் அரிப்பு இருக்கும் இடங்கள், மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வேலை உண்டு, ஆனால் அது கடைசியில் வரும் வேலை. இருக்கிற ரிங்கிட்டை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்

"அலர்ஜி பேனல்" என்ற பெயரில் செய்யப்படுவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை. தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை, கரப்பான் என ஒவ்வொன்றுக்கும் எதிராக நாயின் ரத்தத்தில் எவ்வளவு ஐஜிஇ இருக்கிறது என்று எண் வரும். எண் கூடுதலாக இருந்தால் சிவப்பில் காட்டுவார்கள். சிவப்பைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். தப்பு நடப்பது இந்த இடத்தில்தான்.

அந்த எண் சொல்வது, நாயின் உடம்பு அந்தப் பொருளைச் சந்தித்து எதிர்ப்பொருள் செய்திருக்கிறது என்பதை மட்டும். அந்தப் பொருளால்தான் அரிக்கிறது என்று அது சொல்லவில்லை. ஓர் அரிப்பும் இல்லாத நல்ல நாய்களில் பலவற்றுக்கும் தூசிப்பூச்சிக்கு எதிரான ஐஜிஇ இருக்கும். மறுபக்கம், பார்த்தவுடன் அலர்ஜி என்று சொல்லக்கூடிய நாய்களில் சிலவற்றுக்கு ரத்தத்திலும் தோலிலும் எந்த ஐஜிஇயும் பிடிபடாது. பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால் அலர்ஜி இல்லை என்று பொருளல்ல. "உண்டு" என்று வந்தால் அலர்ஜி உண்டு என்றும் பொருளல்ல.

நம் ஊர் நிலைமையில் இன்னும் மூன்று சிக்கல் சேர்கின்றன. முதலாவது சிரங்குப் பூச்சி. சார்கோப்டிஸ் என்ற இந்தப் பூச்சியும் வீட்டுத் தூசிப்பூச்சியும் உறவுக்காரர்கள். இரண்டின் புரதங்களும் ஒத்துப்போகும். ஆகவே சிரங்கு பிடித்த நாயின் ரத்தத்தை அனுப்பினால் "தூசிப்பூச்சி அலர்ஜி" என்று முடிவு வரலாம். மாத்திரை கொடுத்தால் ஒரு மாதத்தில் தீரும் சிரங்குக்கு ஆண்டுக்கணக்கில் அலர்ஜி மருந்து ஓடும். இரண்டாவது குடற்புழு. தெருவில் திரியும் நாயின் வயிற்றில் புழு இருந்தால் மொத்த ஐஜிஇ ஏறும். அதனால் மொத்த ஐஜிஇ அளவைக் காட்டி அலர்ஜி என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ரத்த எண்ணிக்கையில் ஈயோசினோபில் என்ற வெள்ளணு கூடியிருப்பதும் அப்படித்தான். புழு, தெள்ளு, இதயப்புழு எல்லாமே அதை ஏற்றிவிடும்.

மூன்றாவது, பேனலில் இருக்கும் செடிகள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ தயாரான பட்டியலில் பிர்ச் மரம், ராக்வீட் என்று பேராக் மாநிலத்தில் வளராதவை வரிசையாக இருக்கும். நம் நாய் அவற்றைக் கண்ணால்கூடக் கண்டிருக்காது. ஆனாலும் சிவப்பு எண் வரும். செடிகள் பலவற்றிலும் பொதுவாக இருக்கும் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பொருள் நாயிடம் இருந்தால், பட்டியலில் உள்ள மகரந்தம் முழுவதும் "உண்டு" என்று காட்டும். நல்ல ஆய்வகங்கள் அந்த எதிர்ப்பொருளை முதலில் தடுத்துவிட்டுத்தான் அளக்கின்றன. பரிசோதனைக்குச் சம்மதிக்கும்முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தத் தடுப்புப் படி உண்டா? பட்டியலில் ப்ளோமியா டிராப்பிக்காலிஸ் என்ற வெப்பநாட்டுத் தூசிப்பூச்சி, டெர்மடோஃபகாய்டஸ் என்ற வீட்டுத் தூசிப்பூச்சியின் வகைகள் இரண்டு, கரப்பான், தீவன மூட்டையில் வளரும் சேமிப்புப் பூச்சி, அருகம்புல் இவையெல்லாம் இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பேனலைப் பற்றி ஒரே வரி போதும்: கோழி, மாடு, கோதுமை என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் பட்டியல், உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க நம்பத்தக்கதல்ல. எச்சில், மயிர் இவற்றை அனுப்பச் சொல்லி இணையத்தில் விற்கும் பெட்டிகள் இதைவிட மோசம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் நாய்களின் மாதிரியோடு செயற்கை மயிரையும் கிருமிநீக்கிய உப்புநீரையும் சேர்த்து அனுப்பினார்கள். அவற்றுக்கும் அலர்ஜிப் பட்டியல் வந்தது.

புதிய பயோமார்க்கர்கள் எங்கே நிற்கின்றன

பயோமார்க்கர் என்பது நோயைக் காட்டிக்கொடுக்கும் அளக்கத்தக்க அடையாளம். அலர்ஜித் தோலில் அரிப்பை மூட்டும் ஐஎல்-31 என்ற செய்திப் புரதம் இதில் முக்கியமானது. 2013-இல் வெளியான ஆய்வில், இந்த நோய் இருந்த 223 வீட்டு நாய்களில் 57 சதவீதத்தின் ரத்தத்தில் அது அளக்கும் அளவுக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு 13 பிகோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. நோயில்லாத நாய்களில் அந்த அளவு எட்டவில்லை. இந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததுதான் ஐஎல்-31ஐப் பிடித்து முடக்கும் லோக்கிவெட்மாப் ஊசி. மருந்துக்கு அது பெரிய கதவைத் திறந்தது. பரிசோதனையாக எடுத்துக்கொண்டால் கதை வேறு: நோயுள்ள நாய்களிலேயே 43 சதவீதம் தப்பிப்போகிறது. பாதிக்குச் சற்று மேல் மட்டும் பிடிக்கும் வலையை வைத்து "உன் நாய்க்கு இல்லை" என்று சொல்ல முடியாது.

சிசிஎல்-17 என்ற இன்னொரு புரதம், டார்க் என்றும் சொல்வார்கள், நோயின் தீவிரத்தோடு ஏறி, சிகிச்சையில் இறங்குவதாக நாய்களில் காட்டப்பட்டிருக்கிறது. பெரியோஸ்டின், மைக்ரோ ஆர்என்ஏ என்று ஆராய்ச்சி தொடர்கிறது. இவையெல்லாம் நோய் எவ்வளவு கடுமை, மருந்து வேலை செய்கிறதா என்பதை அளக்க நாளை உதவலாம். ஆனால் தெள்ளுக்கடி, சிரங்கு, உணவு அலர்ஜி, தூசி அலர்ஜி ஆகிய நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ரத்த அடையாளம்தான் நமக்குத் தேவை. அது இன்னும் கிளினிக் மேசைக்கு வரவில்லை.

ரத்தம் எடுப்பதே வீண் என்று இதற்குப் பொருளல்ல. உண்ணி மொய்க்கும் தோட்டப்புறத்தில் நாய் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் எர்லிக்கியா, பேபீசியா ஆகிய உண்ணிக் காய்ச்சல்களுக்குப் பார்ப்பது உயிரைக் காக்கும். ஏழு வயதுக்கு மேல் முதன்முறையாகத் தோல் கெட ஆரம்பித்தால் தைராய்டும் அட்ரீனலும் சரியா என்று ரத்தத்தில்தான் தெரியும். அலர்ஜிக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், ஒக்லாசிட்டினிப் மாதிரி நெடுநாள் மருந்து தொடங்கும்முன் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்களைப் பார்த்துவைப்பதும் நல்லது. இவை அலர்ஜிப் பரிசோதனைகள் அல்ல, அவ்வளவுதான்.

முதல் பணம் போக வேண்டிய இடம்

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அது தெள்ளும் சிரங்கும் இல்லாமல் செய்வதற்கும் ஒரு கண்ணாடித் தகட்டுச் சோதனைக்கும் போகட்டும். கவர்ச்சியில்லாத யோசனைதான். ஆனால் நம் வெயிலும் மழையும் சேர்ந்த ஊரில் மிகப் பல நாய்களின் அரிப்பு இங்கேயே பாதி குறையும்.

குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் தெள்ளு ஓயும். இங்கே வருடம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம். கூட்டுப்புழுவாக மண்ணிலும் பாயிலும் வாரக்கணக்கில் காத்திருந்து, நாய் நடக்கும் அதிர்வில் வெளியே வரும். அதனால் ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டு "தெள்ளு இல்லையே, இன்னும் சொறிகிறதே" என்று முடிவுகட்டக் கூடாது. குறைந்தது இரண்டு மூன்று மாதம், வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைக்கும், இடைவெளி விடாமல் போட வேண்டும். வாசலில் படுக்கும் தெருநாயையும் கணக்கில் சேர்க்காவிட்டால் சோதனை தோற்றுப்போகும். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

அஃபோக்சொலானர், சாரோலானர் மாத்திரைகள் மாதத்துக்கு ஒன்று. ஃப்ளூரலானர் ஒன்று தெள்ளுக்குப் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். இந்தக் குடும்பத்து மருந்துகளின் பெரிய வசதி, தெள்ளு, உண்ணியோடு சிரங்குப் பூச்சியையும் டெமோடெக்ஸ் என்ற மயிர்க்கால் பூச்சியையும் சேர்த்தே அடிப்பதுதான். வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைக் கொடுக்கும்முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சிரங்குக்குத் தோலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். பூச்சி கிடைத்தால் உறுதி. கிடைக்காவிட்டால் இல்லையென்று ஆகாது, ஏனெனில் பாதிக்கு மேற்பட்ட நாய்களில் அது அகப்படுவதில்லை. காதின் ஓரத்தை விரலால் தேய்க்கும்போது நாயின் பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தாலோ, முழங்கை, கணுக்கால், காது விளிம்பு உரிந்திருந்தாலோ, வீட்டில் உள்ளவர்களுக்கும் வயிற்றிலும் கையிலும் சிவந்த பொட்டு அரித்தாலோ, சோதனை முடிவைப் பார்க்காமல் சிரங்குக்கு மருந்து கொடுத்துவிடுவது முறை. வட்ட வட்டமாக மயிர் போயிருந்தால் படர்தாமரைக்கும் பார்க்க வேண்டும், குழந்தைகளுக்கு ஒட்டும்.

தகட்டுச் சோதனை மிக எளிது. ஒட்டுத்தாளைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமிட்டு நுண்நோக்கியில் பார்ப்பார்கள். கிளினிக்கிலேயே சில நிமிட வேலை. மலசேசியா ஈஸ்ட் வேர்க்கடலை வடிவில் தெரியும், பாக்டீரியா மணிமணியாகத் தெரியும். நாய் புளித்த வாடை அடிப்பதும், கால்விரல் இடுக்கில் பழுப்பேறுவதும் ஈஸ்ட்டின் அறிகுறி. இதற்கு 2 சதவீத மைக்கோனசோலும் 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூ வாரம் இருமுறை. நுரை தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு நிமிடத்தில் குழாயைத் திறந்துவிடுவதுதான் ஷாம்பூ வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பெரிய காரணம். குளித்தபின் விரலிடுக்கு, கழுத்து மடிப்பு வரை துடைத்து உலர்த்த வேண்டும்.

இதோடு ஒரு வேண்டுகோள். சொறி நாய்க்கு மோட்டார் கறுப்பெண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. நாய் அதை நக்கி விழுங்குகிறது. தோல் வழியாகவும் நஞ்சு ஏறுகிறது. ஈரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. மண்ணெண்ணெய்யும் டெட்டோலும் அப்படியே. பாவம் அந்த ஜீவன், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

அலர்ஜி வடிவம் பொருந்துகிறதா

தெள்ளும் தொற்றும் அடங்கிய பிறகும் அரிப்பு நிற்காவிட்டால், 2010-இல் கால்நடைத் தோல் மருத்துவர் ஃபாவ்ரோவின் குழுவினர் வெளியிட்ட எட்டு அடையாளங்களை எண்ணிப் பார்க்கலாம்: மூன்று வயதுக்குள் தொடக்கம், பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்வது, ஸ்டீராய்டுக்கு அடங்கும் அரிப்பு, புண் வருமுன்பே அரிப்பு வந்தது, முன்னங்கால் பாதம் பாதிப்பு, காதுமடல் பாதிப்பு, காது விளிம்பு நன்றாக இருப்பது, முதுகின் பின்பகுதி நன்றாக இருப்பது. கடைசி இரண்டும் சிரங்கையும் தெள்ளையும் விலக்குவதற்காக வைத்தவை. ஐந்து பொருந்தினால், அலர்ஜி உள்ள நாய்களில் சுமார் 85 சதவீதம் பிடிபடும். ஆனால் வேறு காரணத்தால் அரிக்கும் நாய்களிலும் ஐந்தில் ஒன்று இந்த வலையில் விழும். ஆறு பொருந்த வேண்டும் என்று இறுக்கினால் தவறு குறையும், ஆனால் உண்மையான நோயாளிகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நழுவிவிடும்.

தோட்டப்புறத்தில் இந்தக் கணக்கைச் சற்று மாற்றிப் படிக்க வேண்டும். இங்கே நாய் வாசலிலும் கொட்டகையிலும் வாழ்கிறது. "வீட்டுக்குள் வாழ்வது" என்ற ஒரு மதிப்பெண் தொடக்கத்திலேயே போய்விடும். நான்குதான் வந்தது என்பதற்காக அலர்ஜி இல்லை என்று ஒதுக்க வேண்டாம். பாடநூல்களில் வரும் இன்னொரு துப்பும் நமக்குக் கைகொடுக்காது. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் அரித்தால் மகரந்தம், வருடம் முழுக்க அரித்தால் உணவாக இருக்கலாம் என்பார்கள். பேராக்கில் தூசிப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பருவமே கிடையாது. வருடம் முழுக்க அரிக்கிறது என்பதிலிருந்து இங்கே எதையும் முடிவுகட்ட முடியாது. அதனால்தான் உணவுச் சோதனை நமக்கு மற்றவர்களைவிட முக்கியமாகிறது.

உணவுச் சோதனை: பொறுமைதான் செலவு

உணவு அலர்ஜியும் தூசி அலர்ஜியும் வெளிக்குப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரித்துக் காட்ட ஒரே வழி, நாய் இதுவரை தின்னாத உணவையோ புரதம் நுண்ணியதாக உடைக்கப்பட்ட தீவனத்தையோ மட்டும் கொடுத்துப் பார்த்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. ஐந்து வாரத்தில் உணவு அலர்ஜி நாய்களில் சுமார் 80 சதவீதமும், எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேலும் தெளிவாகக் குணம் காட்டும். இரண்டு வாரத்தில் கைவிடுவது பணத்தைக் கொட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்புவது.

எந்த உணவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நம் வீடுகளுக்குத் தனிக் கணக்கு. நாய்களில் அதிகம் காணப்படும் உணவு ஒவ்வாமைகள் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. எங்கள் வீட்டில் மாடு சமைப்பதே இல்லையே என்பீர்கள். நாய் பிஸ்கட்டின் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். தயிர்ச்சோறு, மிஞ்சிய பால் தேநீர், ரொட்டி சானாய் எல்லாம் பாலும் கோதுமையும் கொண்டவை. கோழித்தலையும் காலும் தினசரி. நெத்திலித் தலையும் மத்தி மீனும் தின்று வளர்ந்ததால் மீனும் புதிதல்ல. ஆட்டிறைச்சி புதிதுதான் என்று நினைத்தால், மாட்டுப் புரதத்துக்கு ஒவ்வாத நாய் ஆட்டுக்கும் சிலவேளை அரிக்கும். வாத்தும் கோழிக்கு நெருங்கிய சொந்தம். மிச்சம் இருப்பவை முயல், அல்லது இதுவரை கொடுக்காத வீடுகளில் பன்றி இறைச்சி. பன்றியை வீட்டில் கொண்டுவர விரும்பாதவர்கள் தயங்க வேண்டாம். கால்நடை மருத்துவர் தரும் புரதம் உடைத்த தீவனத்துக்கு நேராகப் போய்விடலாம். கோழிப் புரதத்தை உடைத்துச் செய்த தீவனம், கோழிக்கு ஒவ்வாத சில நாய்களுக்கு அரிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சோயாவிலிருந்தோ இறகிலிருந்தோ செய்தவையும் உண்டு. பாசாரில் விற்கும் "ஒற்றைப் புரத" மூட்டைகளை இந்தச் சோதனைக்கு நம்பக் கூடாது. பட்டியலில் எழுதாத இறைச்சி அவற்றில் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

அளவு: கருத்தடை செய்த 15 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். 100 கிராமில் 380 கலோரி உள்ள தீவனம் என்றால் நாளுக்கு 225 கிராம். எட்டு வாரத்துக்கு 12.6 கிலோ. ஒரு கிலோவின் விலையை இதோடு பெருக்கிப் பார்த்தபின் தொடங்குங்கள், ஐந்தாம் வாரத்தில் பணம் தீர்ந்து நிற்க வேண்டாம். வீட்டில் சமைப்பதென்றால் கொழுப்பு நீக்கி வேகவைத்த இறைச்சி 250 கிராம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு 400 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. இதில் கால்சியம் போதாது. வளர்ந்த நாய்க்கு எட்டு வாரம் தாங்கும், குட்டிக்கு இப்படிச் செய்யக் கூடாது. பழைய உணவிலிருந்து ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள், இல்லையேல் வயிற்றுப்போக்கு வந்து அதையும் உணவின் மேல் பழிபோடுவோம். எட்டு வாரக் கணக்கு முழுவதும் மாறிய நாளிலிருந்துதான்.

தோற்பது எங்கே என்றால், பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே. அவிழ்த்துவிட்ட நாய் செம்பனை வரிசையில் எலி பிடித்துத் தின்னும், உதிர்ந்த பழத்தைக் கடிக்கும், பாசார் மாலாம் முடிந்த இடத்தில் கோழித்தோல் பொறுக்கும். எட்டு வாரம் வேலிக்குள்ளோ கயிற்றிலோ வைக்க முடியாத நாய்க்கு இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். பாட்டி ஊட்டும் ஒரு கவளம், பிள்ளைகள் போடும் பிஸ்கட், பூனையின் கிண்ணம், பூனையின் மலம், எல்லாமே சோதனையை உடைக்கும். அப்பா அம்மாவிடம் "நாய்க்கு மருந்து ஓடுது, வேற எதுவும் போட்டா மருந்து கெட்டுடும்" என்று சொன்னால் கேட்பார்கள். "டயட்" என்றால் கேட்க மாட்டார்கள். தெள்ளுக்கும் இதயப்புழுவுக்கும் கொடுக்கும் மெல்லும் மாத்திரையில் இறைச்சிச் சுவை உண்டு. அந்த எட்டு வாரத்துக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள், தெள்ளு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் நாய் தாங்காமல் சொறிந்தால் டாக்டர் சிறு அளவில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தரலாம். அதனால் சோதனை கெடாது. நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது வெறும் உணவோடு பார்க்க வேண்டும். நிறுத்தியும் அரிப்பு திரும்பவில்லை என்றால் நல்ல அறிகுறி. நீண்டநாள் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி வேறு கதை: அது வாரக்கணக்கில் உடம்பில் இருந்து முடிவை மறைத்துவிடும்.

எட்டு வாரம் முடிந்து நாய் நன்றாக இருக்கும்போது பழைய உணவைத் திரும்பக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. கொடுத்தே ஆக வேண்டும். ஷாம்பூவாலோ, தொற்றுக்குக் கொடுத்த மாத்திரையாலோ, தெள்ளு ஒழிந்ததாலோகூடக் குணமாகியிருக்கலாம். பழைய உணவு கொடுத்துப் பதினான்கு நாளுக்குள் அரிப்பு திரும்பி, நிறுத்தியதும் அடங்கினால்தான் உணவு அலர்ஜி உறுதி. பிறகு கோழி மட்டும், பால் மட்டும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தால் எது ஆகாது என்று துல்லியமாகத் தெரியும். எந்த ரத்தப் பேனலும் இந்தத் தெளிவைத் தருவதில்லை.

ரத்தமா, தோலூசியா

மேலே சொன்ன எல்லாவற்றையும் கடந்தும் அரித்தால் அது தூசி, பூஞ்சை, மகரந்தம் சார்ந்த அலர்ஜி. இப்போதும் உடனே ரத்தம் எடுக்க அவசியமில்லை. மாத்திரையாலோ மாத ஊசியாலோ அரிப்பை அடக்கி வாழவைக்கப் போகிறீர்கள் என்றால், எதற்கு ஒவ்வாமை என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருந்து ஒன்றுதான். தூசிப்பூச்சியை நம் ஈரக்காற்றில் வீட்டைவிட்டு முழுக்க விரட்டவும் முடியாது.

ஒவ்வாமைப் பொருளையே மிகச் சிறிய அளவில் ஊசியாகவோ நாக்கடிச் சொட்டாகவோ கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சைக்குப் போக முடிவெடுத்தால் மட்டும் பட்டியல் தேவை. அந்தச் சிகிச்சையில் ஏறக்குறைய பாதி முதல் எழுபது சதவீத நாய்களுக்கு நல்ல குணம் தெரிகிறது, ஆனால் தீர்ப்புக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பட்டியலைத் தயாரிக்க இரண்டு வழி.

தோலூசிச் சோதனையில் நாயை மயக்கி, விலாப் பக்கம் மயிர் மழித்து, ஒவ்வொரு பொருளையும் 0.05 மில்லிலிட்டர் தோலுக்குள் ஏற்றி, பதினைந்து இருபது நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். நோய் நடக்கும் தோலிலேயே பார்ப்பதால் இதற்கு மதிப்பு அதிகம். சங்கடம் என்னவென்றால், ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு வாரம், ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை ஒரு வாரம், நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி குறைந்தது நான்கு வாரம் முன்பே நின்றிருக்க வேண்டும். செய்யத் தெரிந்த கைகளும் குறைவு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அரை மணி நேரம்தான். ஆனால் இதற்காக செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு, 200 கிலோமீட்டருக்கு மேல், போக நேரலாம். கிளம்பும்முன் தொலைபேசியில் கேட்டு, உங்கள் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு மயக்கமும் மழிப்பும் இல்லை. இரண்டு மூன்று மில்லிலிட்டர் சீரம் போதும். ஒக்லாசிட்டினிப், லோக்கிவெட்மாப் நிறுத்த வேண்டியதில்லை. குறுகிய கால ஸ்டீராய்டு மாத்திரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மாதிரி வெளியூருக்கு, பல சமயம் வெளிநாட்டுக்கே, போகும். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, அரைமணி உறையவிட்டு, சுழற்றிச் சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். முழு ரத்தமாக வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்தால் அணுக்கள் உடைந்து மாதிரி வீணாகும். வெள்ளிக்கிழமை மாலை எடுப்பதைத் தவிர்த்துத் திங்கள் செவ்வாயில் எடுக்கச் சொல்லுங்கள்.

தோட்டப்புறத்து வீட்டுக்கு எதைப் பரிந்துரைப்பது என்று கேட்டால், இந்தக் கட்டத்தில் ரத்தமே சரியான தேர்வு. பயணமும் மயக்கமும் மருந்து நிறுத்தும் வேதனையும் மிச்சம். சிகிச்சைப் பலனிலும் இரண்டு வழிக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வந்த பட்டியலில் சிவப்பாக உள்ள எல்லாவற்றையும் மருந்தில் போட வேண்டியதில்லை. நாய் நாள்தோறும் உண்மையில் சந்திக்கும் பொருள் எது என்று டாக்டரோடு உட்கார்ந்து வடிகட்டுங்கள்: படுக்கும் சாக்கில் தூசிப்பூச்சி உண்டு, வேலியோரம் அருகம்புல் உண்டு, பிர்ச் கிடையாது.

எந்த வழியில் போனாலும் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு ஞாயிறும் அரிப்புக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். நலமான நாய் இரண்டுக்குள் இருக்கும், தூக்கத்திலும் சாப்பாட்டிலும் நிறுத்தாமல் சொறிவது பத்து. பக்கத்தில் அந்த வாரம் போட்ட மருந்து, குளிப்பாட்டிய நாள், திருட்டுத்தனமாகத் தின்றது, நான்கு பாதங்களின் படம். அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது நாயோடு அந்த நோட்டையும், கடைசியாகப் போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் கொண்டுபோங்கள்.